வேலை இல்லை என்பதற்கு ஒரு ரசீது



"வேலை கேட்டு அரசு கொடுக்கவில்லை என்றால், கொடுக்காத நாளுக்குப் படி தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது" என்று சொன்னால் நம் ஊர்ப் பக்கம் பலர் சிரிக்கிறார்கள். "செஞ்ச வேலைக்கே கூலி வர மாசக்கணக்கா ஆவுது. சும்மா இருந்தா காசு தருவானா சார்?" என்கிறார்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் இருப்பதும் உண்மை. அந்தப் படி ஏன் கைக்கு வருவதில்லை என்று தேடிப் போனால், கடைசியில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் வந்து நிற்கிறது. அந்தச் சீட்டின் வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ஊர் வேலையின் கணக்கு. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு டெல்டாவின் நாட்காட்டி ஜூன் 12-ல் தொடங்குகிறது. குறுவை, சம்பா, தாளடி. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு, களத்து வேலை. பொங்கலை ஒட்டிச் சம்பா அறுப்பு. அந்த ஈரத்தில் தெளித்த உளுந்தையும் பயறையும் பங்குனிக்குள் பறித்துவிட்டால், பிறகு வயல் வெடித்துக் கிடக்கும். அடுத்த தண்ணீர் வரும்வரை கூலிக்காரருக்கு வேலை கிடையாது. இது ஏதோ ஓர் ஆண்டு நேரும் விபத்து அல்ல. ஆண்டுதோறும் வருவது. சித்திரை வெயில் மாதிரி, கோடைப் பட்டினியும் இயற்கை என்றே நம் முன்னோர் எடுத்துக்கொண்டார்கள்.

பண்ணையாள் முறை இருந்த காலத்தில் 'வேலை இல்லாதவர்' என்று ஒருவரைத் தனியே சொல்லவே முடியாது. ஆள் மிராசுதாரின் ஆள். கூலி நெல்லாக, மரக்கால் கணக்கில். கோடையில் கையில் எதுவும் இல்லையென்றால் பண்ணையில் கடன் நெல். அந்தக் கடன் அடுத்த அறுப்பில் கழியும், அல்லது கழியாது. யார் எத்தனை நாள் உழைத்தார், எத்தனை நாள் சும்மா இருந்தார் என்று எழுதிய கணக்கு ஒன்று இருந்தால் அது காரியக்காரரின் கையில்தான் இருக்கும். உழைத்தவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

அந்த நிலையில் முதல் உடைப்பு 1952. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சை மாவட்டத்துக்கென்றே 'தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு' அவசரச் சட்டம் வந்து, பிறகு சட்டமானது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தும். பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் சமரச அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். அவர் தீர்ப்பு சரியில்லை என்றால் மேலே வருவாய் நீதிமன்றம். வயல் வேலை செய்பவர் 'என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்' என்று அரசிடம் முறையிடவும், மேல்முறையீடு செய்யவும் நம் மண்ணில் எழுத்தில் வழி பிறந்தது அப்போதுதான்.

ஆனால் முறையிட வேண்டுமென்றால், தான் அந்தப் பண்ணையின் ஆள் என்று நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி நிரூபிப்பது? மிராசுதார்கள் பலர் பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். அன்றாடக் கூலியை நீக்க வேண்டியதில்லை. நாளைக்கு வா என்று சொல்லாமல் இருந்தால் போதும். பாதுகாப்புச் சட்டம் வந்த கையோடு பாதுகாக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலே கரையத் தொடங்கியது. வரலாற்றுப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது உண்டு: ஒரு சட்டம் யாருக்கு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், அவர் தன்னை எப்படி நிரூபிப்பார் என்றும் கேளுங்கள்.

அடுத்த பெரிய ஆண்டு 1968. டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அன்றைய பிரச்சினையின் மையத்தில் இருந்தது கூலி நெல் உயர்வு. அதன் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம், 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். வேலை செய்த நாளுக்கு என்ன கூலி என்பதற்குச் சட்டம் கிடைத்தது. வேலையே இல்லாத நாளுக்கு என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதே கேள்விக்கு வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்போம். பிரிட்டனில் 1911-ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் போன்ற சில தொழில்களில் தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் பணம் கட்டுவார்கள். வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம். பணம் வாங்குபவர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்த் தனக்கு வேலை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி மறுத்தால், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர் கொண்ட குழுவிடம் முறையிடலாம். அதற்கு மேலும் ஒரு நடுவர் உண்டு. ஆக, பணத்தோடு சேர்ந்தே மேல்முறையீடும் பிறந்தது. பிச்சைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பிச்சை மறுக்கப்பட்டால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். உரிமை மறுக்கப்பட்டால் 'ஏன்' என்று கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஆனால் அங்கேயும் வயல் வேலைக்காரரைச் சேர்க்க 1936 வரை ஆயிற்று. முழுதாக 25 ஆண்டுகள். அமெரிக்காவில் 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும் விவசாயக் கூலிகளை வேலையின்மைக் காப்பீட்டில் சேர்க்கவில்லை. வயல் வேலைக்குக் காப்பீடு போடுவதில் ஒரு சிக்கல் இருப்பது உண்மைதான். காப்பீடு என்பது வரலாம் வராமலும் போகலாம் என்ற ஆபத்துக்கு. வீடு தீப்பிடிக்கலாம் என்று காப்பீடு செய்யலாம். கோடை வரலாம் என்று யார் காப்பீடு கொடுப்பார்? அது வந்தே தீருமே! நம் நாட்டிலும் இதே கதைதான். ஆலை மூடப்பட்டு வேலை இழந்த இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு 2005-லிருந்து வேலையின்மைப் படி உண்டு. நடவு நடும் பெண் இ.எஸ்.ஐ. உறுப்பினர் அல்ல.

இனி வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வருவோம். அது என் கதையும்கூட. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்க 1945-ல் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு எல்லாருக்கும் திறந்து, 1956 நவம்பரில் மாநிலங்களின் கைக்கு வந்தது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 1982-ல் தஞ்சாவூரில் பதிவு செய்தேன். அப்போது இடைநிலை ஆசிரியர் வேலை என்றால் பதிவு மூப்புதான். தகுதித் தேர்வெல்லாம் 2012-ல்தான் வந்தது. கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டால் மூப்பு போய்விடும். அந்த அட்டையைப் பாலித்தீன் உறையில் போட்டு, அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆறு ஆண்டு காத்திருந்தேன். நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதினேன், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். நேர்முகக் கடிதம் வந்தபோது என் பெயரை யாரும் சிபாரிசு செய்யவில்லை. அட்டையில் இருந்த தேதிதான் என்னைக் கூப்பிட்டது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாருக்கும் அப்படி ஒரு தேதி இருந்ததில்லை.

அந்த அட்டையோடு பணத்தையும் இணைத்தது 2006-ல் வந்த வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகைத் திட்டம். இன்றைய விதிகள் பலருக்குத் தெரியாததால் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பதிவு அறுபடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள். வயது 40-க்குள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். மூன்று ஆண்டு வரைதான். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை 600-லிருந்து 1000 வரை. ஓராண்டு பதிவு போதும். பத்தாண்டு வரை கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் சுயஉறுதிமொழி கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் பணம் நிற்கும். இந்தத் தொகை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று ஒரு புரளி ஊருக்கு ஊர் உலவுகிறது. போகாது. வாங்கத் தகுதி உள்ளவர்கள் தயங்காமல் வாங்குங்கள்.

மாதம் 600 என்பது நாளுக்கு 20 ரூபாய். அதிலும் இது படித்துப் பதிவு செய்தவர்களுக்கு. பள்ளிக்கூட வாசலே மிதிக்காத நம் ஊர் நடவுக்காரப் பெண்ணுக்கு? அவருக்கான பதில் வேறு வழியாக வந்தது.

மகாராஷ்டிரத்தில் 1970-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. அப்போது நடந்த நிவாரண வேலைகளிலிருந்து பிறந்ததுதான் அம்மாநிலத்தின் 1977-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம். அதன் யோசனை எளிமையானது, ஆனால் காப்பீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. யாரும் சந்தா கட்ட வேண்டாம். வேலை கேட்டால் அரசு வேலை கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் அரசு பணம் கட்ட வேண்டும். வேலையின்மைப் படி என்பது இங்கே வேலை இல்லாதவருக்குக் காட்டும் இரக்கம் அல்ல. வேலை கொடுக்கத் தவறிய அரசுக்கு விழும் அபராதம் மாதிரி. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

இந்த யோசனைதான் 2005-ல் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. 2006 பிப்ரவரியில் முதல் 200 மாவட்டங்களில் நாகப்பட்டினம் இருந்தது. தஞ்சாவூரும் திருவாரூரும் 2007-ல் சேர்ந்தன. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'நூறு நாள் வேலை'. தமிழ்நாட்டில் தொடக்கக் கூலி 80 ரூபாய். 2025-26-க்கு 336 ரூபாய். வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்.

அந்தச் சட்டத்தின் ஏழாவது பிரிவைத்தான் நான் முதலில் குறிப்பிட்டேன். வேலை கேட்டு விண்ணப்பம் கொடுத்த 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் அந்த நிதியாண்டின் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன் பிறகு பாதிக்குக் குறையாமலும் படி தர வேண்டும். 336 ரூபாய்க் கூலியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் 30 நாளுக்குத் தினம் 84 ரூபாய், மொத்தம் 2,520. அதன் பிறகு தினம் 168. படி சேர வேண்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் வட்டாரத் திட்ட அலுவலர் காரணத்தை எழுதி மாவட்டத்துக்கு அறிக்கை தர வேண்டும். அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். விண்ணப்பதாரருக்கும் கடமை உண்டு. கொடுத்த வேலைக்கு 15 நாளுக்குள் போகாவிட்டால் மூன்று மாதம் படி கேட்க முடியாது.

இவ்வளவு தெளிவாக எழுதியும் படி வாங்கியவரை ஊரில் காண்பது அரிது. ஏன்? இரண்டு காரணம்.

ஒன்று, யார் பணம் என்பது. வேலை கொடுத்தால் கூலி மத்திய அரசின் பணம். வேலை கொடுக்காவிட்டால் படி மாநில அரசின் பணம். மாநிலத்தை விரட்டி வேலை கொடுக்க வைக்கச் செய்த ஏற்பாடு இது. நல்ல யோசனைதான். ஆனால் ஒருவர் வேலை கேட்டதற்கு ஆதாரம் உருவானால் அது மாநிலத்தின் கடனாக மாறலாம். ஆதாரமே உருவாகாவிட்டால் யாருக்கும் கடன் இல்லை.

இரண்டாவது, அந்த ஆதாரம் என்பது தேதியிட்ட ரசீது. விண்ணப்பம் வாங்கினால் தேதி போட்டு ரசீது தர வேண்டும் என்பது விதி. 15 நாள் எங்கிருந்து தொடங்குகிறது? ரசீதின் தேதியிலிருந்து. ரசீது இல்லையென்றால் பதினாறாவது நாளே வராது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை 2008-ல் கொடுத்த அறிக்கையிலேயே இதைச் சொல்லிவிட்டது: பல இடங்களில் விண்ணப்பங்களில் தேதி இல்லை, ரசீது தரப்படவில்லை, அதனால் படிக்கு யார் தகுதி என்று சரிபார்க்கவே முடியவில்லை. பண்ணையாளுக்கு 1952-ல் இல்லாமல் போன அதே காகிதம்தான் இது.

இன்னொரு நடைமுறையும் பழகிப்போயிற்று. வேலையை மக்கள் கேட்பதற்குப் பதிலாக, வேலை வந்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள், மக்கள் போவார்கள். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2019 கோடையில், எங்கள் பக்கத்துத் தெருப் பெண்கள் இருபது பேர் இரண்டு மாதமாக வேலை இல்லை என்று வந்தார்கள். "மனு எழுதிக் கேட்டீங்களா?" என்றேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "வேலை வந்தா சொல்லுவாங்க, போவோம் வாத்தியாரய்யா. நாம எங்கேருந்து கேக்குறது?" கேட்பது தன் உரிமை என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரிலும் மனு எழுதினோம். வேலை அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து வேலை வேண்டும், எத்தனை நாள் (குறைந்தது தொடர்ந்து 14 நாள் கேட்க வேண்டும்), கையெழுத்து அல்லது கைநாட்டு. கொண்டுபோய்க் கொடுத்தபோது மனுவை வாங்கிக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. "வச்சிட்டுப் போங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார்களாம். மறுநாள் அதே மனுக்களைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். ஒப்புகை அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. அதில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியிலிருந்து பதினோராவது நாள் வாய்க்கால் தூர் வாரும் வேலை தொடங்கியது. படியாக ஒரு ரூபாய் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அதுதான் அந்தப் பிரிவின் உண்மையான பயன் என்று எனக்கு அன்று தோன்றியது. படி கொடுக்க வேண்டி வருமே என்ற எண்ணம் வேலையைக் கொண்டுவந்து சேர்த்தது.

இது ஏன் டெல்டாவுக்கு முக்கியம் என்றால், ஜூன் 12 இப்போது உறுதியில்லாத தேதி. 2012-லிருந்து 2019 வரை எட்டு ஆண்டும் அந்த நாளில் மேட்டூர் திறக்கவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவித்து, நூறு நாளை 150 ஆக்க வேண்டி வந்தது. 2024-ல் அணை திறக்க ஜூலைக் கடைசி ஆயிற்று. தண்ணீர் வந்தாலும் அறுப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது. கோடையில் மட்டும் இருந்த வேலையில்லா நாள், ஆண்டின் மற்ற மாதங்களுக்கும் பரவிவிட்டது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 என்கிறது. செலவில் நம்மைப் போன்ற மாநிலங்கள் 40 சதவீதம் ஏற்க வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். நல்லதா கெட்டதா என்று அரசியல் மேடைகளில் பேசுகிறார்கள், பேசட்டும். நான் பார்ப்பது ஒன்றுதான். 15 நாளில் வேலை தராவிட்டால் படி என்ற ஏற்பாடு அதிலும் இருக்கிறது. நடவும் அறுப்பும் பாதி இயந்திரத்துக்குப் போய்விட்ட ஊரில், 'இது வேலைக் காலம்' என்று நிறுத்தி வைக்கும் நாட்களில் வேலை கிடைக்காதவர் யாரிடம் கேட்பார் என்பதை நாம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். சட்டத்தின் பெயர் மாறினாலும் கேட்கும் முறை மாறவில்லை.

எனவே என் பழைய மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஊரில் படித்தவர்கள் நீங்கள். கோடையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்காமல் மனுவாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அனுப்பிய மனு என்னவாயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதற்கும் மேல்முறையீடு உண்டு. 2005 சட்டப்படி வட்டார அலுவலர் புகாரை ஏழு நாளில் தீர்க்க வேண்டும்; அவருக்கு மேலே மாவட்ட ஆட்சியரும் குறைதீர்ப்பாளரும் இருந்தார்கள். புதிய சட்டத்தில் அந்தப் படிக்கட்டு எப்படி அமைகிறது என்று விதிகள் வரும்போது படித்துப் பார்த்து ஊருக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் முதலில் கேட்கப்போவது, "எப்போ குடுத்தீங்க?" என்பதுதான். அதற்குப் பதிலாக ஒரு தேதியைக் காட்ட வேண்டும்.

மனு மாதிரி ஒன்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். எழுதத் தெரியாதவர் வீட்டுக்கு நீங்களே போய் எழுதிக் கொடுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.